வன்மரப் பலகையின் விலையும் வட்டார வேறுபாடும்: சுங்கை சிப்புட் தச்சரை முன்வைத்து

காட்டுக்கு அருகில் குடியிருப்பவருக்கு மரம் மலிவாகக் கிடைக்கும் என்னும் பொதுநம்பிக்கை பேராக் மாநிலத்தில் ஏன் பொய்த்துப்போகிறது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். கிழக்கே பியா வனக்காப்பகத்தையும் அதற்கப்பால் தித்திவாங்சா மலைத்தொடரையும், தென்மேற்கே கிளேடாங் சாயோங் காடுகளையும், சுற்றிலும் எல்பில், கமுனிங், ஹீவுட் என்று பெயர் சொல்லப்படும் பழைய ரப்பர்த் தோட்ட நிலங்களையும் கொண்ட சுங்கை சிப்புட்டில், ஒரு மேசை செய்ய நான்கு நல்ல பலகை தேடும் தச்சர், மரமே விளையாத கோலாலம்பூரின் புறநகர்ப் பட்டறைக்காரரைவிடக் குறைந்த விலை கொடுப்பதில்லை; பல வேளைகளில் கூடுதலாகவே கொடுக்கிறார். இம்முரணை விளக்கப் புகும்போது, பலகையின் விலையை மரம் வளர்ந்த இடம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதும், சட்டம், எல்லை, ஈரம், தரம், அளவை, கொள்முதலின் பருமன் ஆகியவை அதைவிட வலுவாகத் தீர்மானிக்கின்றன என்பதும் தெளிவாகும்.

முதலில் சொற்களை வரையறுத்துக்கொள்வது நல்லது. வன்மரம் என்பது தாவரவியல் வழக்கில் அகன்ற இலையுடைய பூக்கும் மரங்களைக் குறிக்குமேயன்றிக் கடினத்தன்மையைக் குறிப்பதன்று. கைநகத்தால் கீறக்கூடிய ஜெலுத்தோங் மரமும், ஆணி இறங்க மறுக்கும் செங்ஙால் மரமும் ஒருங்கே வன்மரங்களே ஆகும். மலேசிய மர வணிகம் இவற்றைக் கன வன்மரம், நடுத்தர வன்மரம், இலகு வன்மரம் என்று மூன்றாகப் பகுக்கிறது. செங்ஙால், பாலாவ், மெர்பாவ் போன்றவை முதல் வகையையும், கெம்பாஸ், கெருயிங், காப்பூர் போன்றவை இரண்டாம் வகையையும், மெராந்தி, ஞாத்தோ, ரப்பர் மரம் போன்றவை மூன்றாம் வகையையும் சேரும். ஒரு கனமீட்டருக்கு 400 முதல் 720 கிலோ வரை எடையுள்ளவை இலகு வன்மரங்கள். 720 முதல் 880 வரை நடுத்தரம். 800க்கு மேற்பட்டுக் கன வன்மரம். பின்னிரண்டு வகைகளும் எடையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதற்குக் காரணம், மழையும் கறையானும் மிகுந்த இந்நிலத்தில் மருந்தேற்றாமலே நிலைத்து நிற்கும் மரத்திற்கே கன வன்மரம் என்னும் மதிப்பு அளிக்கப்படுவதாகும். எடை இருந்தும் அந்த உறுதி இல்லாதது நடுத்தரத்தில் வைக்கப்படுகிறது. விலைப்பட்டியலில் மரத்தின் பெயருக்கு முன்னதாக இந்த வகைப்பெயரே பேசுகிறது.

அளவையில் தொடங்கும் குழப்பம்தான் வட்டார ஒப்பீடுகளில் முதற்பிழைக்கு இடமளிக்கிறது. தீபகற்ப மலேசியாவில் அறுத்த பலகை இன்றும் டன் கணக்கில் பேசப்படுகிறது. இந்த டன் எடையைக் குறிப்பதன்று. 50 கன அடி கொண்ட பருமனைக் குறிப்பது. அதிகாரபூர்வ ஏடுகளும் ஏற்றுமதி ஆவணங்களும் கனமீட்டரையே ஆள்கின்றன. ஒரு கனமீட்டர் 35.3 கன அடிக்குச் சமம். தமிழ்நாட்டு மரக்கடைகளில் கன அடி வழங்குகிறது. அமெரிக்காவில் ஓர் அடி நீளமும் ஓர் அடி அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட பலகையடி என்னும் அளவை வழங்குகிறது; பன்னிரண்டு பலகையடி ஒரு கன அடியாகும். ஓரிடத்தில் டன் 3,000 வெள்ளி என்றும் மற்றோரிடத்தில் கனமீட்டர் 2,500 வெள்ளி என்றும் ஒரே மரத்திற்கு விலை சொல்லப்படுவதாக எடுத்துக்கொண்டால், பின்னது 500 வெள்ளி மலிவு என்றே கேட்பவர் எண்ணுவார். கணக்கிட்டால் முன்னது கன அடிக்கு 60 வெள்ளி, பின்னது ஏறத்தாழ 71 வெள்ளி. மலிவென்று தோன்றியது உண்மையில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்று மேலான கூடுதல் விலையாகும். இத்தகைய பிழை எளிய தச்சரின் இலாபம் முழுவதையும் விழுங்கிவிடப் போதுமானது.

இனி, விலையை இடத்துக்கு இடம் மாற்றும் காரணங்களுள் முதன்மையானதைக் காணலாம். மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை நிலத்தையும் காட்டையும் மாநில அரசுகளின் அதிகாரத்தில் வைத்திருக்கிறது. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் நிர்வாக முறையை ஓரளவு ஒருமைப்படுத்தினாலும், எந்தக் காட்டைத் திறப்பது, ஆண்டுக்கு எவ்வளவு வெட்டுவது, ஒவ்வொரு மரவகைக்கும் எவ்வளவு உரிமப்பணம் பெறுவது என்பவற்றை அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. வெட்டிய மரத்தின் அடியில் வனத்துறையின் சுத்தியல் முத்திரை விழுந்த பிறகும், பெயர்ச்சி அனுமதிச் சீட்டு எழுதப்பட்ட பிறகுமே அது லாரி ஏற முடியும். ஆகவே கிளந்தானின் குவா மூசாங்கில் வெட்டப்பட்ட மெராந்தியும் பேராக்கின் கிரிக்கில் வெட்டப்பட்ட மெராந்தியும், இயற்கையில் ஒரே மலைத்தொடரின் இரு சரிவுகளில் நின்றவையாயினும், அறுவை ஆலையின் வாயிலை வெவ்வேறு செலவுச் சுமையோடு வந்தடைகின்றன.

கடல் கடந்த வேறுபாடு இதனினும் பெரிது. தீபகற்பத்தில் 1972இல் சில மரவகைகளின் உருட்டுக்கட்டை ஏற்றுமதி தடைசெய்யப்பட்டு, 1985இல் அத்தடை எல்லா வகைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. உள்ளூர் அறுவை ஆலைகளுக்கு மரத் தட்டுப்பாடு நேராமல் இருக்கவும், பலகையாகவும் தளபாடமாகவும் மதிப்புக்கூட்டி விற்கவும் இத்தடை துணைபுரிந்தது. சபா இவ்வகையில் பல முறை மாறி, 2018இல் மீண்டும் தடைக்குத் திரும்பியது. சரவாக் ஒரு பங்கை உள்ளூர் ஆலைகளுக்கு ஒதுக்கி எஞ்சியதை ஏற்றுமதிக்கு அனுமதித்துவந்தது. அக்கட்டைகளின் பெரும் வாடிக்கையாளராக நெடுங்காலம் விளங்கியது இந்தியா. போர்னியோவின் பெலியான் இரும்புமரம் சிபுவில் வீட்டுத் தூணாகவும் கூரை ஓடாகவும் பழகிய பொருளாக இருக்க, ஈப்போவில் அது அரிய பொருளாகிவிடுகிறது. அதுபோலவே தீபகற்பத்துக்கும் அதையொட்டிய தென் தாய்லாந்துக்கும் மட்டுமே உரிய செங்ஙால் கூச்சிங்கில் அரிதாகிறது. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே மலேசியக் கொடியேந்திய கப்பல்களே சரக்கேற்ற வேண்டும் என்னும் 1980ஆம் ஆண்டுக் கொள்கை, 2017இல் சபா, சரவாக், லாபுவான் ஆகியவற்றுக்குத் தளர்த்தப்படும்வரை, கப்பற்கட்டணத்தின் வழியே இவ்விடைவெளியை மேலும் அகலப்படுத்தியது என்பது கிழக்கு மலேசிய வணிகர்களின் நெடுநாள் முறையீடாக இருந்தது.

பேராக்கின் நிலை இவற்றுக்கிடையே தனித்தன்மை வாய்ந்தது. தெற்கே சிலாங்கூர் மாநிலம் 2010இல் தன் காடுகளில் மரம் வெட்டுவதை 25 ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. நீர்ப்பிடிப்புப் பகுதிகளைக் காக்கும் நோக்கில் எடுக்கப்பட்ட அம்முடிவு பாராட்டத்தக்கது என்பதில் ஐயமில்லை. எனினும் நாட்டிலேயே மிகுதியாக வீடு கட்டும், மிகுதியாகத் தளபாடம் வாங்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு, தன் பலகைத் தேவைக்கு அண்டை மாநிலங்களை நாடவேண்டியதாயிற்று. வடக்கே, 1988ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பிறகு தாய்லாந்து 1989 சனவரியில் இயற்கைக் காடுகளில் மரவெட்டை முற்றாகத் தடைசெய்து, தன் தேவைக்கு வெளிநாட்டு மரத்தை மேன்மேலும் நாடியது. இவ்விரு ஈர்ப்புகளுக்கும் நடுவில் அமைந்த பேராக்கின் அறுவை ஆலைகள், ஒரே வகைப் பலகையை லாரி லாரியாக எடுத்துக்கொள்ளும் மொத்தக் கொள்முதலாளருக்கே விலை பேசப் பழகிவிட்டன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியே பலகை சுங்கை சிப்புட்டைக் கடந்து தெற்கே சென்று, அங்கே இழைக்கப்பட்டும் அளவுக்கு வெட்டப்பட்டும் சில்லறைக் கடைகளில் அடுக்கப்பட்டும், அதே சாலையில் மீண்டும் வடக்கே திரும்பி வருவது அரிய நிகழ்ச்சியன்று. இரு வழிக் கூலியும் பலகையின் விலையில்தான் ஏறுகிறது.

இக்காட்டுமரங்களைப் பற்றிப் பேசுகையில் விலைப்பட்டியலில் இடம்பெறாத ஒரு செலவையும் சொல்லியாக வேண்டும். பியா வனக்காப்பகத்தை ஒட்டி வாழும் தெமியார் பழங்குடி மக்கள், மரவெட்டால் ஆறுகள் கலங்குவதையும் பழமரங்களும் மூதாதையர் இடுகாடுகளும் அழிவதையும் எடுத்துரைத்து வந்திருக்கிறார்கள். மலிவான மெராந்தி என்பது சிலநேரம் இம்மக்களின் இழப்பைக் கணக்கில் சேர்க்காத மெராந்தியே ஆகும். தச்சர் தம் மரத்தின் ஊரைக் கேட்டறிவது விலைக்காக மட்டும் செய்யவேண்டிய செயலன்று.

சுங்கை சிப்புட்டின் தனி வரலாறு விலையோடு நெருங்கிப் பிணைந்திருப்பது ரப்பர் மரத்திலேயாகும். கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 1877இல் சிங்கப்பூர் வந்த கன்றுகளுள் ஒன்பது, அன்றைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் முயற்சியால் கோலகங்சாரில் நடப்பட்டன. சுங்கை சிப்புட் அதே மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலம், பாலுக்காக மட்டுமே மதிக்கப்பட்ட இம்மரம், இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் வற்றியதும் வேரோடு சாய்க்கப்பட்டு எரிக்கப்பட்டது. தோட்டத்துப் புகைக்கூடங்களில் ரப்பர் ஷீட்டை உலர்த்தவும், லயத்து அடுப்பெரிக்கவும், செங்கற் சூளைகளுக்கும் அது விறகாயிற்று. 1967இல் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலை, நிலக்கரிக்கு மாற்றாக ரப்பர் மரக்கரியையே தன் உலைகளில் இட்டது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகள் விடியற்காலையில் சீவிப் பால் எடுத்த மரத்தின் உடல், தச்சரின் இழைப்புளிக்கு உதவும் என்று அன்று கருதியவர் மிகச் சிலர்.

அதற்குத் தக்க காரணமும் இருந்தது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே நீலப்பூஞ்சை படர்ந்து பலகை கறுத்துவிடும், துளைப்பூச்சி புகுந்து மாவாக்கிவிடும். கெப்போங்கில் 1929இல் அமைந்த வன ஆய்வு நிலையத்தின் ஆய்வாளர்கள், அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தக் கலத்தில் ஏற்றி, உடனே சூளையில் வைத்து உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினர். 1970களின் இறுதியிலிருந்து ரப்பர் மரத் தளபாடம் வெளிநாடுகளுக்குச் செல்லத் தொடங்கிற்று. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளபாடத்தில் பெரும்பங்கு இம்மரத்தால் ஆனது. சாயம் ஏற்கும் வெளிறிய நிறமும், உலர்ந்தபின் அதிகம் சுருங்காத இயல்பும், காட்டை வெட்டாமல் கிடைத்தது என்னும் நற்பெயரும் அதற்குத் துணைநின்றன.

ஆயினும் ரப்பர் மரப் பலகையின் விலை வட்டாரந்தோறும் மாறும் விதம் காட்டுமரத்தினின்று வேறுபட்டது. ஒரு கட்டையிலிருந்து தேறும் பலகை, கட்டையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. எனவே ஒரு லாரி கட்டையை ஏற்றிச் செல்வதென்பது பெருமளவில் பட்டையையும் தூளையும் ஈரத்தையும் ஏற்றிச் செல்வதாகும். கட்டை கெடுவதற்கு முன் மருந்துக் கலமும் சூளையும் உடைய ஆலையை அடைந்தாக வேண்டும் என்பதால், ஆலையிலிருந்து தொலைவில் நிற்கும் ரப்பர்க் காட்டுக்கு ஒப்பந்தக்காரர் கொடுக்கும் விலை சரேலென்று இறங்குகிறது. பால் விலை ஏறினால் சிறுநில உடைமையாளர் மரத்தை வெட்டாமல் ஒத்திப்போடுகிறார், கட்டைக்குத் தட்டுப்பாடு ஏற்படுகிறது. மறுநடவு மானியம் கிடைத்தால் ஒரே காலத்தில் பலர் வெட்டுகின்றனர், விலை இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் மண்சாலைகள் சேறாகும்போது மீண்டும் ஏறுகிறது. இவற்றோடு கொள்கையும் சேர்ந்துகொள்கிறது: அறுத்த ரப்பர்ப் பலகையின் ஏற்றுமதிக்கு இருந்துவந்த தடை 2017இல் நீக்கப்பட்டபோது, ஜொகூரின் மூவார் நகரைச் சுற்றிய தளபாட உற்பத்தியாளர்கள் மூலப்பொருள் நாட்டைவிட்டுப் போய்விடும் என்று முறையிட்டார்கள், பின்னர் தடை திரும்பவும் நடைமுறைக்கு வந்தது. பேராக்கில் வெட்டிய மரத்தின் விலையை மூவாரின் ஏற்றுமதி ஆணைகள் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்கும் அடியில் ஓர் ஆழமான மாற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மலேசியாவின் ரப்பர் நிலப்பரப்பு ஏறத்தாழ 20 இலட்சம் எக்டராக இருந்தது; இன்று அதில் ஏறத்தாழப் பாதியே எஞ்சியுள்ளது. பெருந்தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட, எஞ்சிய ரப்பரில் மிகப்பெரும் பகுதி சில ஏக்கர் வைத்திருக்கும் சிறுநில உடைமையாளரிடம் இருக்கிறது. புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுத்திருப்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். செம்பனை அப்பகுப்பின்படி புல்லே; அதன் தண்டின் விளிம்பில் மட்டும் நார் நெருங்கி, நடுவில் நீரும் மாவும் நிறைந்திருப்பதால், தச்சருக்குப் பலகை தருவதில்லை. ஒட்டுப்பலகையாக்கும் முயற்சிகள் உண்டெனினும், ஒரு நாற்காலிக் காலுக்குரிய சட்டத்தை அதிலிருந்து எடுக்க முடியாது. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கும்போது எண்ணெய் விளைகிறது. அடுத்த தலைமுறைக்குரிய பலகை விளைவதில்லை. சுங்கை சிப்புட்டைச் சுற்றிய நிலத்தில் இம்மாற்றத்தைக் கண்கூடாகக் காணலாம்.

தமிழ்நாட்டு நிலையோடு ஒப்பிட்டால் சில உண்மைகள் இன்னும் தெளிவாகும். அங்குத் தேக்கின் விலையை நீளமும் சுற்றளவும் தீர்மானிக்கின்றன. ஒரே மரத்தின் அடிக்கட்டையும் நுனிக்கட்டையும் வெவ்வேறு பொருள்களாகவே ஏலம் போகின்றன. 1840களில் நடவு தொடங்கிய நிலம்பூர்த் தேக்கின் பெயருக்கே தனி மதிப்பு உண்டு. மியன்மா 2014 ஏப்ரலில் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியபின், பர்மாத் தேக்கை நம்பியிருந்த கடைகள் ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டத் தேக்குக்கு மாறின. வயது குறைந்த அம்மரங்களில் வைரம் குறைந்து வெள்ளை மிகுந்திருப்பதால், தேக்கு என்னும் ஒரே பெயரின் கீழ்ப் பன்மடங்கு விலை வேறுபாடு தோன்றியது. மலேசியன் சால் என்னும் பெயரில் தமிழ்நாட்டுக் கதவு நிலைகளுக்குச் செல்லும் மரமும் ஒரே மரவகையைச் சேர்ந்ததன்று. தென்கிழக்காசியக் கனமரங்கள் பலவற்றுக்கு அங்கு வழங்கும் கடைப்பெயர் அது. கேரளத்தின் பெரும்பாவூரோ, அண்டை மாவட்டங்களின் ரப்பர் மரத்தை ஒட்டுப்பலகையாக்கும் ஆலைகளைத் தன்னருகே திரட்டிக்கொண்டதால், கட்டை விற்பவருக்கு நல்ல விலையும் பலகை வாங்குபவருக்குத் தெரிவும் ஒருசேர அளிக்கும் சந்தையாயிற்று. மரம் அருகில் இருப்பதோடு ஆலையும் வாங்குவோரும் அருகில் இருந்தால்தான் விலை நியாயமாகும் என்பதற்கு அவ்வூர் எடுத்துக்காட்டு.

அமெரிக்காவில் சிவப்பு ஓக் மரத்துக்கு வடக்கு, தெற்கு, அப்பலாச்சிய மலைப்பகுதி என மூன்று வட்டார விலைகள் தனித்தனியே வெளியிடப்படுகின்றன. குளிர்ப்பகுதியில் மெதுவாக வளர்ந்த மரத்தின் வளையங்கள் நெருங்கியிருப்பதும் மண்ணின் தாதுக்கறை பலகையில் படிவதும் அவ்வேறுபாட்டுக்குக் காரணங்களாகும். 1898இல் அங்கு அமைந்த வன்மரப் பலகைச் சங்கத்தின் தரவிதிகள் நாடு முழுமைக்கும் ஒன்றாக இருப்பதால், கலிபோர்னியாவில் இருப்பவரும் பென்சில்வேனியாவில் இருப்பவரும் ஒரே பொருளைப் பற்றியே பேசுகின்றனர்.

மலேசியாவிலும் தரவிதிகள் உண்டு. பிரைம், செலெக்ட், ஸ்டாண்டர்ட் எனத் தரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் அவை ஏற்றுமதிக் கட்டுகளுக்குப் பயன்படும் அளவுக்கு ஊர் மரவாடியில் பயன்படுவதில்லை. கன அடி 60 வெள்ளிக்கு வாங்கிய பலகையில் கணுவும் வெடிப்பும் வளைவும் போக நூற்றுக்கு அறுபது பங்கே வேலைக்குத் தேறினால், உண்மை விலை 100 வெள்ளியாகிறது. 75 வெள்ளிப் பலகையில் எண்பது பங்கு தேறினால் அதன் உண்மை விலை 94 வெள்ளிக்கும் குறைவு. ஈரமும் இவ்வாறே கணக்கை மாற்றுகிறது. இந்நாட்டின் திறந்த காற்றில் வைத்த மரம் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஈரத்தில் நிலைகொள்ளும். குளிர்சாதன அறைக்குச் செல்லும் தளபாடத்துக்கோ அதனினும் குறைந்த ஈரம் வேண்டும். பச்சைப் பலகையை மலிவாக வாங்கிக் கூரையடியில் மாதக்கணக்கில் அடுக்கிவைக்கும் தச்சர், இடத்தையும் காலத்தையும் முதலையும் முடக்குகிறார்; சூளையில் உலர்த்திய பலகையை வாங்குபவர் அதே செலவைக் கடையில் கொடுக்கிறார். முன்னது மலிவு என்று சொல்வது கணக்கை முடிக்காமல் சொல்வதாகும்.

பழைய மரத்தின் சந்தையையும் ஒதுக்கிவிட முடியாது. இருப்புப்பாதை இரட்டிப்பின்போது கான்கிரீட்டுக்கு இடம்விட்ட குறுக்குக் கட்டைகள், இடிக்கப்பட்ட கம்பத்து வீடுகளின் தூண்கள், தோட்டத்துப் பங்களாக்களின் உத்திரங்கள் ஆகியவற்றில் இன்று காட்டில் காண்பதற்கரிய பருமனுள்ள செங்ஙாலும் பிற கனமரங்களும் அகப்படுகின்றன. ஆணித்துளை இருந்தாலும் பல்லாண்டு உலர்ந்த அம்மரத்துக்குப் புதுமரத்தைவிட விலை கூடுதலாகக் கேட்கப்படுவது நியாயமே. பேராக் தச்சருக்கு இடத்தால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் ஏதேனும் உண்டென்றால் அது இங்கேதான். இதை அறிந்த வெளிமாநில வணிகர்கள் முந்திக்கொள்கிறார்கள்.

மலேசிய மரத்தொழில் வாரியம் தன் மஸ்காயு இதழில் கட்டைக்கும் பலகைக்கும் விலை வெளியிட்டு வந்துள்ளது. அவை மொத்த விலைகள்; பத்துக் கன அடி வாங்குபவர் அவ்விலையை எந்த ஆலையிலும் பெற இயலாது. தனித்து இயலாதது கூட்டாக இயலும் என்பதற்கு இவ்வூரிலேயே முன்மாதிரி உண்டு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, சிறு சேமிப்புகளைத் திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கிக் காட்டினார். தோட்டம் வாங்க இயன்ற சமூகத்துக்கு ஒரு லாரி பலகையைக் கூட்டாக வாங்குவது இயலாததன்று. சுங்கை சிப்புட், கோலகங்சார், செம்மோர், ஈப்போ வட்டாரத் தச்சர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வகை மரத்தை ஆலை விலைக்கு எடுத்து, ஒரு சிறு உலர்சூளையைப் பொதுவில் வைத்துக்கொண்டால், கிள்ளான் பள்ளத்தாக்குக்குச் சென்று திரும்பும் இருவழிக் கூலி அவர்கள் கையிலேயே தங்கும். அதற்கு முன்பாகவே செய்யத்தக்கது ஒன்று உண்டு: வாங்கும் ஒவ்வொரு பலகைக்கும் மரவகை, அளவை, ஈரம், தரம், ஊர், நாள், விலை ஆகியவற்றைப் பட்டறைதோறும் ஓர் ஏட்டில் எழுதிவைத்து, ஆண்டுக்கொரு முறை அவற்றைத் தொகுத்துத் தமிழில் அச்சிடுங்கள்.